டோனலுக்கு உம் சொன்னவன்

1

டோனலின் தங்கை பிரீட் நேற்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வெறுங்கையோடு வரும் வழக்கம் அவருக்கு இல்லை. நேற்றும் தானே சுட்ட ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். ஆனால் மழையில் நனைந்த மேல்கோட்டைக் கழற்றாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

"டோனல் இறந்து வருஷம் திரும்பப் போகிறது. மாதா கோயில் ஹாலில் ஒரு கூட்டம் வைக்கிறோம். பேச்செல்லாம் வேண்டாம். அவருடைய கதை ஒன்றை யாராவது சொன்னால் போதும்" என்றார்.

"யார் சொல்லப் போகிறார்கள்?"

"நீதான்."

டீ ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி ஸ்டெல்லா அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, பரிதாபப்படுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள இந்தச் சின்ன ஊருக்கு நாங்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தோம். டோனல் இந்த வட்டாரத்தில் பேர்போன கதைசொல்லி. மேடையில் ஒரு நாற்காலியைப் போட்டு, ஒற்றை ஆளாக உட்கார்ந்து, கூட்டத்தை இரண்டு மணி நேரம் கட்டிப்போடுவார். அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கதைக்கு 'உம்' சொன்னவன் நான். சிரிக்காதீர்கள். அதுதான் என் வேலை. எங்கள் சொந்த ஊர் பிள்ளைப்பாக்கத்திலும் அதே வேலைதான் பார்த்தேன். மேடையில் நான் வாழ்நாள் முழுவதும் பேசியதைத் திரட்டிப் பார்த்தால் அந்த ஒரு வார்த்தைதான் மிஞ்சும். கதை சொன்னதே இல்லை.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். நம் ஊரில் அதற்கு முடியாது என்று அர்த்தம். இங்கே சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிரீட் நிம்மதியாகக் கோட்டைக் கழற்றி மாட்டினார்.

2

ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் கொஞ்சம் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் என் அண்ணனைத் தெரிந்திருக்கும். கதைக்கார ஆரோக்கியம். மாதா கோயில் தேரோ, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதோ, எந்தச் சாமி என்று பார்க்காமல் அண்ணனைக் கூப்பிடுவார்கள். ஆர்மோனியத்துக்கு ஒருவர், டோலக்குக்கு ஒருவர், ஜால்ராவோடு நான். அவ்வளவுதான் எங்கள் கோஷ்டி. கதைகளெல்லாம் அண்ணன் தானே கட்டியவை. பகலில் எங்கள் கொஞ்ச நிலத்தில் வேலை செய்வார். ஆனால் மனம் அதில் நிற்காது. நாற்றுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு திடீரென்று ராட்சசன் சிரிப்பைச் சிரித்துப் பார்ப்பார். நடவுக்கு வந்த பெண்கள் அலறிக்கொண்டு வரப்பில் ஏறுவார்கள். அண்ணி தலையில் அடித்துக்கொள்வார்.

வீட்டில் கதை சொல்லும்போது கேட்கிற பிள்ளை உம் கொட்டும். உம் நின்றுவிட்டால் பிள்ளை தூங்கிவிட்டது, கதையை நிறுத்தலாம். திருவிழாக் கூட்டத்தில் அத்தனை பேரும் உம் கொட்ட முடியாதே. அதனால் கூட்டத்தின் சார்பில் உம் சொல்ல மேடையிலேயே ஓர் ஆளை உட்கார வைப்பது அண்ணனின் ஏற்பாடு. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். தண்டலத்தில் முதன்முதலாக என்னை உட்கார வைத்த நிகழ்ச்சி முடிந்ததும் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? உம்முன்னு சொல்றதுக்கு இன்னா கஷ்டம்?"

"சொன்னேனேண்ணா."

"சொன்ன. நான் தாண்டிப் போனப்புறம் சொன்ன. நான் காலை எடுத்து வைக்கறப்ப அங்க படி இருக்கணும். இல்லாங்காட்டி வுழுந்துருவேன். நீதான்டா படி."

அதற்குப் பிறகு நான் அவருடைய முகத்தைப் பார்ப்பதை விட்டேன். மூச்சைக் கேட்க ஆரம்பித்தேன். ஆச்சரியத்துக்கு ஓர் உம், சாவுக்கு ஓர் உம், அடுத்தது என்ன என்று அவசரப்படுத்த ஓர் உம், கதாநாயகன் பொய் சொல்கிறான் என்று கூட்டத்துக்குக் காட்டிக்கொடுக்க மூக்கால் ஓர் உம். ஊரில் எனக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். நான் சொன்னால்தான் அண்ணன் அடுத்த வரிக்குப் போவார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

ஸ்டெல்லாவுக்கு வாலாஜாபாத். பெண் பார்க்கப் போனபோது அவளுடைய அப்பா கேட்டார்.

"மாப்ள இன்னா பண்றாரு?"

"நெலத்த பாத்துக்கறாரு. என்கூட கதையிலயும் கீறாரு" என்றார் அண்ணன்.

"கதையில இன்னா பண்ணுவாரு?"

"உம் சொல்லுவாரு."

மாமனார் மகள் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். "எம் பொண்ணு நெறைய பேசும். அதுக்கும் அதையே சொல்லினு இருந்தாருன்னா போதும்" என்றார். கல்யாணம் நிச்சயமாயிற்று.

3

ஸ்டெல்லா நர்ஸ் படித்தவள். அவளுக்கு இங்கே வேலைக்கு வாய்ப்பு வந்தது, கிளம்பிவிட்டோம். ஜெயராஜ் அப்போது நடக்கப் பழகிய குழந்தை. மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "நீ போடா. உம் சொல்ல ஊர்ல ஆளா இல்ல?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இங்கே வந்ததும் வெளிநாட்டார் என்று காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பெரிய மீசை வைத்த சார்ஜெண்ட் ஒருவர், சொந்த ஊரில் என் தொழில் என்ன என்று கேட்டார். விவசாயம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்கோ ரோஷம். "அண்ணன் கதை சொல்லும்போது உம் என்று சொல்வேன்" என்று ஸ்டெல்லாவை மொழிபெயர்க்கச் சொன்னேன். அவள் மாட்டேன் என்று முறைத்தாள். கடைசியில் அவள் எதையோ சொல்ல, அவர் 'இசைக்கலைஞர்' என்று எழுதிக்கொண்டார். அன்று மாலையே தன் மகளின் கல்யாணத்துக்கு என்ன வாத்தியம் வாசிப்பீர்கள் என்று கேட்டு ஆள் அனுப்பினார்.

இசைக்கலைஞனுக்கு ஸ்டெல்லாவின் ஆஸ்பத்திரியிலேயே துணி வெளுக்கும் பகுதியில் வேலை கிடைத்தது. நாள் முழுவதும் ஆவி, படுக்கை விரிப்புகள், இயந்திர இரைச்சல். பேச வேண்டிய அவசியமே இல்லை. பேசினாலும் ஆபத்துதான். ஒரு வீட்டில் விருந்து முடிந்து கிளம்பும்போது போய் வருகிறேன் என்பதை வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். நான் திரும்பி வருவேன் என்று அவர்கள் பாவம் கெட்டிலை அடுப்பிலேயே வைத்துக் காத்திருந்தார்களாம். அந்த முதல் குளிர்காலத்தில் நான் யாருக்கும் ஒரு வார்த்தை முழுதாகச் சொன்னதாக நினைவில்லை. வீட்டுக்கு வந்தால் ஸ்டெல்லா பேசுவாள். மாமனாருக்குக் கொடுத்த வாக்கை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

4

அந்தக் குளிர்காலத்தின் முடிவில், ஹாலில் யாரோ கதை சொல்கிறார்கள் என்று ஸ்டெல்லா என்னை இழுத்துக்கொண்டு போனாள். கதை என்ற வார்த்தையைக் கேட்டுத்தான் போனேன். மேடையில் ஒல்லியாக, காதுகள் பெரிதாக ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். டோனல். அவர் பேசியதில் ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. ஆனால் மூச்சு புரிந்தது. ஒரு வரியைச் சொல்லி நிறுத்தினார். நான், "உம்."

வேண்டுமென்று சொல்லவில்லை. அது தானாக விழுந்துவிட்டது. முன்வரிசையில் தலைகள் திரும்பின. அடுத்த இடத்திலும் விழுந்தது. ஸ்டெல்லா என் தொடையில் கிள்ளினாள். இந்த ஊரார் கதை கேட்கும்போது தும்மக்கூட மாட்டார்கள். அதுதான் மரியாதை. டோனல் கையைப் புருவத்தில் வைத்து இருட்டுக்குள் பார்த்து, "யார் அங்கே மாட்டைக் கூட்டி வந்தது?" என்று கேட்டார். ஹால் அதிர்ந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சிரித்தேன். ஸ்டெல்லா காதில் சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் அவர் தொடர்ந்தபோது அடுத்த உம்மும் விழுந்தது. இந்தத் தடவை டோனல் சிரிக்கவில்லை. என்னைச் சோதித்தார். நிறுத்தக் கூடாத இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்னோர் இடத்தில் அப்படியே செய்தார். நான் அசையவில்லை. சரியான இடம் வந்தது, சொன்னேன். பிறகு அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். மீதிக் கதை முழுவதையும் எனக்குச் சொன்னார்.

மறுநாள் வேலை முடிகிற நேரத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். ஸ்டெல்லாதான் இரண்டு பக்கமும் பேசினாள்.

"உன் கணவனுக்கு ஆங்கிலம் தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியானால் அவன் எதைக் கேட்டான்?"

நான் என் நெஞ்சைத் தொட்டு மூச்சை இழுத்துக் காட்டினேன். டோனல் தொப்பியைக் கழற்றி, மறுபடியும் போட்டுக்கொண்டார். "சனிக்கிழமை பக்கத்து ஊரில் நிகழ்ச்சி. அவனுக்கு ஸ்டூல் நான் கொண்டுவருகிறேன்" என்றார்.

5

டோனலைப் போல மேடைமேல் பைத்தியமாக இருந்த ஒருவரை நான் அண்ணனுக்குப் பிறகு பார்த்ததில்லை. சிறு வயதில் ஊருக்கு வந்த கூடார நாடகக் குழுவின் வண்டியில் ஏறிப் போனவர். விளக்கைத் துடைத்தார், திரை இழுத்தார், கிழவி வேஷம் போட்டார், பிணமாகப் படுத்தார். பிணமாகப் படுத்தபோதும் கைதட்டல் தனக்கு வந்தது என்பார். சினிமாக் கொட்டகைகள் பெருகியதும் குழு கலைந்தது. கூடாரத்தை விற்றார்கள். டோனல் ஒரு நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டார். ஒருத்தி அவரைக் கல்யாணம் செய்துகொள்ளக் காத்திருந்தாளாம். நிகழ்ச்சி இல்லாத சனிக்கிழமை ஒன்று கிடைக்காமல் அவள் வேறொருவரைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாணத்திலும் டோனல்தான் கதை சொன்னார்.

மேடையேறுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கொல்லைப்புறம் போய் வாந்தி எடுப்பார்.  பிறகு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடந்து வருவார். காய்ச்சலோடு போயிருக்கிறோம். பனியில் கார் நின்று, நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நடந்து போயிருக்கிறோம். கேட்க மூன்று கிழவிகள் மட்டும் வந்திருந்த ஹாலிலும் அவர் ஒரு வரியைக் குறைக்கவில்லை.

அவருடைய கதைகளில் பெரிய கதை, கடலுக்குக் குதிரை விற்ற கிழவன். கடலிலிருந்து ஓர் அந்நியன் வந்து ஏழைக் கிழவனிடம் குதிரையைக் கேட்கிறான். கிழவன் கொடுத்துவிடுகிறான். கொடுத்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் கடல் உள்வாங்கும்போது இடுப்பளவு தண்ணீரில் அந்தக் குதிரை நிற்கிறது. கிழவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். குதிரை திரும்பிப் பார்க்கிறது. அந்த இடத்தில் டோனல் நிறுத்துவார். அங்கே என் உம் விழ வேண்டும். அது விழும் வரைக்கும் அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் முடிவைத் தீர்மானிப்பார். கல்யாண வீட்டில் கிழவனே குதிரையில் ஏறிக் கடலுக்குள் போய் ராஜாவாவான். குடிகாரர்கள் மத்தியில் குதிரை ஏதாவது வேடிக்கை பேசும். பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற பெற்றோர் நிறைந்த ஊரானால் குதிரை கட்டாயம் கரைக்கு வந்துவிடும். "உண்மையில் வந்ததா, போனதா?" என்று ஒரு நாள் கேட்டேன். "யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது" என்றார்.

என் மகனுக்கு இதெல்லாம் மானக்கேடு. வீட்டில் ஜெயராஜ், வெளியே ஜெர்ரி. பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவனைப் பார்த்து உம் உம் என்று உறுமுவார்களாம். "வேறு யாருடைய அப்பாவும் மேடையில் உட்கார்ந்து இப்படிச் செய்வதில்லை" என்று ஆங்கிலத்தில் கத்தினான். நான் தமிழில் அதட்டினேன். இரண்டு பேரும் சொன்னது இரண்டு பேருக்கும் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கும். பள்ளிப் படிப்பு முடிந்ததும், இந்த ஊர்ப் பையன்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். பாஸ்டனுக்குப் போய்விட்டான். தொலைபேசியில் ஸ்டெல்லா, "சாப்டியாப்பா?" என்று கேட்பாள். அவன் ஆங்கிலத்தில், நன்றாக இருக்கிறேன் என்பான். பிறகு என்ன பேசுவது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியாது.

6

ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்தேன். அண்ணன் காக்கி உடுப்பில் இருந்தார். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் புதிதாக வந்த ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"கதை இன்னாண்ணா ஆச்சி?"

"எங்கடா? நைட் ஷிப்டு. அதுக்கு மேல ஓ.டி. வேற. கதைக்கு எங்க நேரம்?" என்று வேறு பக்கம் பார்த்தார். பிறகு, "அங்க நீ இன்னா பண்ற?"

"ஆஸ்பத்திரி லாண்டரிண்ணா." அதோடு நிறுத்த மனம் வரவில்லை. டோனலைப் பற்றிச் சொன்னேன்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "கடல் தாண்டிப் போயும் உம்முதானா?" சிரிப்பு அடங்கியதும் கேட்டார், "நல்லா சொல்லுவாரா?"

"நல்லா சொல்லுவாருண்ணா."

"எப்டி? சொல்லிக் காட்டு."

கதை சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. அவர் எந்த இடத்தில் நிறுத்துவார் என்று விளக்கத்தான் ஆரம்பித்தேன். "குதிரை தண்ணியில நிக்குது. கெழவன் பேர் சொல்லிக் கூப்புடுறான். குதிரை திரும்பிப் பாத்துச்சி..."

"உம்" என்றார் அண்ணன்.

எத்தனையோ வருஷம் நான் அவருக்குச் சொன்னது. அவர் எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. சரியான இடத்தில், சரியான அளவில், நான் சொல்வதைவிட நன்றாகவே சொன்னார். நான் கதையை அங்கேயே விட்டுவிட்டேன். அண்ணன், அப்புறம் என்ன என்று கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஷிப்டுக்கு நேரமாயிடுச்சி. சூப்பர்வைசர் கத்துவான்."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு அண்ணி சொன்னார். "நீ போனப்புறம் ரெண்டு மூணு பேர வச்சிப் பாத்தாரு. ஒத்து வரல. வாலாஜாபாத்ல திருவிழா. கதை பாதியில போயினுகீது, அப்டியே நின்னுட்டாரு. ஜனமெல்லாம் குந்தினு பாக்குது. இவுரு வாயே தொறக்கல. எறங்கி வூட்டுக்கு வந்துட்டாரு. நைட் ஷிப்டு அவுரே கேட்டு வாங்கினதுப்பா. ராத்திரில எவனும் கதைக்குக் கூப்புடக் கூடாதாம்."

 அண்ணி என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. ஊரில் மழை இல்லை என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பிறகு கொஞ்ச வருஷத்தில் அண்ணன் இறந்த தந்தி வந்தது. என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அனுப்பியிருந்தேன். கையில் இருந்திருந்தாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அன்று மாலை அக்கம்பக்கத்தார் சாப்பாட்டுத் தட்டுகளை மூடி எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். இந்த ஊரில் சாவு வீட்டில் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவார்கள், சிரிக்கவும் செய்வார்கள். எங்கள் வீட்டில் பிணம் இல்லை. ஸ்டெல்லா எங்கள் கல்யாணப் போட்டோவில் அண்ணன் நிற்கிற பக்கம் தெரிகிற மாதிரி மேசையில் வைத்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அவருடைய கதை ஒன்றைச் சொல். இன்றைக்கு அவர் கதைதான் கேட்க வேண்டும்" என்றார் டோனல்.

வாயைத் திறந்தேன். கதைகள் எல்லாம் கேட்டவைதானே, கரைத்துக் குடித்தவைதானே. ஆனால் வந்ததெல்லாம் என் உம்கள் மட்டும்தான். இங்கே ஆச்சரியம், இங்கே சாவு, இங்கே மூக்கால். நடுவில் அண்ணன் என்ன சொன்னார் என்பது வரவே இல்லை. அவர் சொல்லும்போது நான் மூச்சைத்தான் கேட்டிருக்கிறேன். மேசைமேல் தலையை வைத்து அழுதேன். தந்தி வந்தபோதுகூட அப்படி அழவில்லை. டோனல் கையை என் முதுகில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலேயே குதிரைக் கதையைச் சொன்னார். அன்று குதிரை கரைக்கு வந்தது. நான் அழுதுகொண்டே உம் சொன்னேன்.

7

டோனலுக்குக் கடைசியில் நினைவு தப்ப ஆரம்பித்தது. வீட்டில் தங்கையின் பெயர் மறந்துபோகும். மேடையில் ஏற்றினால் கதை வரும். எங்கேயாவது சிக்கிக்கொண்டால் நான் ஓர் உம்மை முன்னதாகவே போடுவேன், அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார். கடைசி நிகழ்ச்சியில் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் ஒவ்வொரு தடவையும் அதைப் புதிதாகக் கேட்கிற மாதிரி உம் சொன்னேன். ஹாலில் ஒருவர்கூட அசையவில்லை. அவர் குதிரை வரைக்கும் போகவே இல்லை. இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்றைக்கு நல்ல கூட்டம்" என்றார். அந்தக் குளிர்காலத்தை அவர் தாண்டவில்லை.

இதுவரை எழுதியது பிரீட் வந்துபோன வாரம். மேலே எழுதக் கை வரவில்லை. அண்ணனுக்குச் செய்ய முடியாமல் போனதை டோனலுக்குச் செய்ய முடியுமா என்றுதான் இத்தனை நாளும் உளைச்சல். குளிக்கும்போது, துணி மடிக்கும்போது, சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். குதிரை வரைக்கும் வந்தது. அங்கே நின்றுவிட்டது.

8

நேற்று முன்தினம் சாயங்காலம் கூட்டம் நடந்தது. டோனல் செய்ததைப்போல நானும் ஹாலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். பிரீட் மேடையில் அவருடைய நாற்காலியையும் என் ஸ்டூலையும் போட்டு வைத்திருந்தார். நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. ஸ்டூலிலேயே உட்கார்ந்தேன். முன்வரிசையில் பிரீட்டும் ஸ்டெல்லாவும். பின்னால் நிறைய நரைத்த தலைகள். வீட்டுக்கு ஒருவராவது பாஸ்டனிலோ லண்டனிலோ இருக்கிறார்கள்.

என் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தப் பயந்து ஓட்டமாக ஓடினேன். கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. இவர்கள் வழக்கம் அது, தெரியும். தெரிந்தும் உடம்பு வியர்த்தது. கிழவனைக் கடலோரத்துக்குக் கொண்டுவந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட வைத்தேன். குதிரை திரும்பிப் பார்த்தது.

அந்த இடத்தைத் தாண்டி ஓட முடியாது. நிறுத்தினேன்.

சத்தமே இல்லை. நல்ல மனிதர்கள், மரியாதையோடு காத்திருந்தார்கள். எனக்குக் கால் வைக்க இடமில்லை. அண்ணனும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்தேன். வாலாஜாபாத்தில், அத்தனை ஜனத்துக்கு நடுவில். இறங்கிப் போய்விடலாம் என்றிருந்தது.

"உம்" என்று நானே சொல்லிக்கொண்டேன்.

யாருக்கும் கேட்டிருக்காது. பிறகு குதிரையைக் கரையேற்றினேன். உடம்பை உதறித் தண்ணீரைத் தெறிக்க வைத்தேன். கிழவன் தன் போர்வையால் அதைத் துடைத்து, வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கட்டினான். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிரீட் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஸ்டெல்லாவும் நானும் கடற்கரைச் சாலையோரமாக நடந்து வந்தோம். வழக்கமாக ஓயாமல் பேசுகிறவள் பாதி தூரம் வரைக்கும் பேசவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஜெயராஜ் வந்துருவான், இல்லீங்க?"

காத்திருந்தாள். வாழ்நாள் முழுவதும் நான் சொல்லிவந்த வார்த்தையைத்தான் கேட்டாள். அது வரவில்லை.